கொல்லைப்பக்கம்: அம்மாவின் முட்டைக் காசு

காட்டூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறாள். மூன்று வயதில் ஒரு பையன், எட்டு மாதத்தில் ஒரு பெண். ஊரிலிருந்து வந்த மாமியார், "பிள்ளைங்களுக்கு நல்ல முட்டை கிடைக்கட்டுமே" என்று ஒரு பெட்டைக் கோழியையும் ஒன்பது குஞ்சுகளையும் கூடையில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, மறுநாளே கிளம்பிப் போய்விட்டாராம். இப்போது பக்கத்து வீட்டு அக்கா மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். வீட்டுக்காரரோ, "ஞாயித்துக்கிழமை வரைக்கும் டைம். அப்புறம் குழம்புதான்" என்று கெடு வைத்துவிட்டார். "அக்கா, வெச்சுக்கட்டுமா, யாருக்காவது குடுத்துடட்டுமா? எங்க அத்தை மனசும் கோணக்கூடாது" என்று முடித்திருக்கிறாள்.

நம்முடையது பதினைந்து நாளைக்கு ஒருமுறை வரும் பத்திரிகை. இது அச்சாகிக் கைக்கு வருவதற்குள் இரண்டு ஞாயிற்றுக்கிழமை போய், குழம்பும் ஆறிப்போயிருக்கும். அதனால் உடனே ஒரு கார்டில், "பொறு தங்கச்சி, குழம்பு வேண்டாம்" என்று ஒரே வரி எழுதித் தபாலில் போட்டுவிட்டேன். மற்றதை இங்கே எழுதுகிறேன். இந்தக் கேள்வி அவளுக்கு மட்டும் உள்ளதல்ல. கே.கே. நகரிலும் வயலூர் ரோட்டிலும் புதுசு புதுசாய் வீடு கட்டிக் குடிபோனவர்கள் பலர், கொஞ்சம் கொல்லை கிடைத்ததும் முதலில் ஒரு முருங்கைக்கொம்பு நடுகிறார்கள். அடுத்ததாக ஒரு கோழி வாங்கலாமா என்றுதான் யோசிக்கிறார்கள்.

நான் உறையூர்க்காரி. கோழியைப் பற்றிப் பேச எங்கள் ஊருக்கு இல்லாத உரிமை வேறு எந்த ஊருக்கு உண்டு, சொல்லுங்கள்! உறையூருக்கே சங்க காலத்தில் கோழி என்றுதான் பெயர். சோழ ராஜா யானைமேல் வந்தபோது ஒரு கோழி பாய்ந்து அந்த யானையையே எதிர்த்து விரட்டியதாம். இந்த மண்ணுக்கு இவ்வளவு வீரமா என்று அங்கேயே தலைநகரம் அமைத்தாராம். சிலப்பதிகாரத்திலும் இந்தக் கதை குறிப்பாக வருகிறது. உறையூர் பஞ்சவர்ணசுவாமி கோயிலுக்குப் போனால், யானையோடு மல்லுக்கட்டும் கோழியைக் கல்லில் செதுக்கி வைத்திருப்பதைப் பார்க்கலாம். சின்ன வயதில் அப்பாயி என்னைத் தூக்கிப் பிடித்துக் காட்டுவார். தமிழில் வாரணம் என்ற சொல்லுக்கு யானை என்றும் பொருள், கோழி என்றும் பொருள். யார் அப்படி வைத்தார்களோ, உறையூர்ப் பக்கத்து ஆளாகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு சந்தேகம்!

இது ராஜா கதை. எனக்குப் பிடித்தது வீட்டுக் கதை. கரிகாலனைப் பாடிய பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்து வீடு ஒன்று வருகிறது. முற்றத்தில் தானியம் காய்கிறது. கோழி வந்து கொத்துகிறது. காவலுக்கு இருக்கிற பெண் கையில் கிடைத்ததை எடுத்து எறிகிறாள். எறிந்தது என்ன தெரியுமோ? காதில் போட்டிருந்த கனத்த குழை! அது போய்த் தரையில் விழுந்து, குழந்தை உருட்டிக்கொண்டு வருகிற மூன்று சக்கரச் சிறு தேரைத் தடுக்கிறதாம். ஊரின் செல்வச் செழிப்பைச் சொல்லத்தான் புலவர் இப்படிப் பாடினார் என்று வாத்தியார் சொல்லிக் கொடுத்தார். இருக்கட்டும். காய்கிற தானியம், அதைக் கொத்த வரும் கோழி, அதை விரட்டும் அம்மா, குறுக்கே நடைவண்டியோடு பிள்ளை என்று ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷமாக நம் வாசலில் இதே காட்சிதானே? காட்டூர் தங்கச்சி வீட்டிலும் இன்றைக்கு இதுதான் நடந்துகொண்டிருக்கும். தோட்டை மட்டும் எறிய மாட்டாள், தங்கம் விற்கிற விலையில்.

நெல்லுக்கும் கோழிக்கும் உள்ள உறவு இன்னும் பழசு. உலகத்துக் கோழிகளெல்லாம் தென்கிழக்கு ஆசியாவின் சிவப்புக் காட்டுக்கோழி வழியாக வந்தவை. தாய்லாந்தில் பான் நோன் வாட் என்ற இடத்தில் கிடைத்த எலும்புகள்தான் இதுவரை தெரிந்தவற்றில் மிகப் பழைய வீட்டுக்கோழி எலும்புகள் என்று 2022-ல் வெளியான ஆராய்ச்சி சொல்கிறது. வயது ஏறக்குறைய 3,500 வருஷம். மனிதர்கள் நெல்லும் தினையும் பயிரிட்டுச் சேமிக்க ஆரம்பித்ததும், சிந்திக் கிடந்த தானியத்துக்காக மரத்தைவிட்டு இறங்கி வந்த பறவை அப்படியே தங்கிவிட்டதாம். யாரும் பிடித்துக் கட்டி வைக்கவில்லை. பிச்சை கேட்டு வந்தவர் திண்ணையிலேயே படுத்துக்கொண்ட மாதிரி!

சரி, என் வீட்டுக்கு வருகிறேன்.

எங்கள் வீடு உறையூரில் ஓட்டு வீடு. பின்னால் நீளமான கொல்லை, கிணறு, ஒரு முருங்கை, துவைக்கிற கல். அப்பா பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் வேலை. தினமும் சைக்கிள்தான். நாகப்பட்டினத்திலிருந்த ரயில்வே பட்டறை இங்கே மாறி 1928-ல் பொன்மலைக்கு வந்ததிலிருந்து திருச்சியில் எத்தனையோ குடும்பங்களுக்கு அதுதான் சோறு. அப்பா சம்பளம் வந்ததும் அரிசி, வாடகை, தாத்தாவுக்கு மணியார்டர் என்று பத்தாம் தேதிக்குள் தீர்ந்துவிடும். மீதி இருபது நாளை ஓட்டியது அம்மாவின் முட்டைக் காசு.

அம்மாவிடம் பதினாலு உருப்படி இருந்தன. ஆறு பெட்டை, ஒரு சேவல், மற்றது வெடைக்குஞ்சு. எல்லாம் சிறுவிடை ரகம். ஒரு பெட்டை ஒரு ஈட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு முட்டை வைக்கும். பிறகு அடை உட்கார்ந்துவிடும். குஞ்சு பொரித்து, அதுகளை வளர்த்து ஆளாக்கிவிட்டு மறுபடி முட்டைக்கு வர மூன்று மாதம் ஆகும். வருஷத்துக்கு அறுபது, மிஞ்சினால் எண்பது முட்டை. ஆனாலும் ஆறும் ஒன்றுவிட்டு ஒன்று முறை போட்டுக்கொண்டு வைப்பதால் கூடையில் எப்போதும் நாலு முட்டை இருக்கும். முட்டை நாலணாவோ முப்பது காசோ. வாங்க வருகிறவர்களெல்லாம் பெண்கள்தான். வயதுக்கு வந்த பெண்ணுக்கு நல்லெண்ணெயோடு கொடுக்க என்று ஒருவர், பிள்ளை பெற்றவளுக்கு என்று ஒருவர். ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு மாமி மாதம் இரண்டு தடவை இருட்டின பிறகு வருவார். நோஞ்சானாக இருந்த பேரனுக்கு டாக்டர் முட்டை சொல்லியிருந்தார். துணிப்பையில் அடியில் முட்டை, மேலே ஒரு கட்டுக் கீரை. "மருந்து இருக்கோடி?" என்றுதான் கேட்பார். அம்மாவும், "இருக்கு மாமி, ஆறு மருந்து இருக்கு" என்பார். கடைசிவரை இருவரும் முட்டை என்ற வார்த்தையை எடுத்ததே இல்லை!

காசு போகிற இடம் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில். அதில் அப்பா கை வைக்க மாட்டார். மாட்டுக் காசு, பால் காசு எல்லாம் ஆம்பிளைக் கணக்கு. கோழிக் காசு பொம்பிளைக் கணக்கு என்பது எங்கள் பக்கத்தில் எழுதாத சட்டம். 1974-ல் அந்தப் பாட்டிலில் இருந்த காசு எங்கள் அக்காவுக்கு. அவள் எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு டைப்ரைட்டிங் போய்க்கொண்டிருந்தாள். மாதச் சம்பளம் பாட்டிலிலிருந்துதான். லோயர் பரீட்சைக்குப் பணம் கட்டத் தையல்காரியிடம் துணி போடுவதைக்கூட அம்மா தள்ளிப்போட்டிருந்தார்.

அந்தக் கோடையில் ஒரு நாள் காலையில் பஞ்சாரத்தைத் தூக்கினால் ஒரு பெட்டை வெளியே வரவில்லை. இறக்கை தொங்கி, கழுத்தைத் திருகிக்கொண்டு, வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. பின்னால் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றின மாதிரி வெள்ளைக் கழிச்சல். அம்மா சின்ன வெங்காயம் அரைத்து ஊட்டினார், வசம்பைச் சுட்டுத் தடவினார், வெக்காளியம்மனுக்கு வேண்டிக்கொண்டார். மறுநாள் மூன்று. அதற்கு மறுநாள் ஐந்து. ஐந்தாம் நாள் சாயங்காலம் சேவல் மட்டும் துவைக்கிற கல்மேல் நின்றுகொண்டிருந்தது. இரவு அதுவும் போய்விட்டது. "சாகறதுக்குள்ள அறுத்துக் குழம்பு வெச்சுடு" என்று தெருவில் எல்லோரும் சொன்னார்கள். அம்மா கேட்கவில்லை. அப்பா வேலையிலிருந்து வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் கொல்லைக்கோடியில் குழி வெட்டினார்.

அக்கா அந்தத் தடவை பரீட்சை எழுதவில்லை. அடுத்த தடவைக்குள் மாப்பிள்ளை வந்துவிட்டது; தை மாதம் கல்யாணம். நல்ல இடம்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பல வருஷம் கழித்து ஒரு நாள், என் மகள் முதல் மாதச் சம்பளத்தில் வாங்கி வந்த புடவையை மடித்து வைத்துக்கொண்டே, "அந்தக் கோழிங்க செத்துப்போகாம இருந்திருந்தா நானும் ஆபீஸ் போயிருப்பேன்டி" என்றாள். அவ்வளவுதான். அதற்கு முன்னும் பின்னும் அதைப் பற்றிப் பேசினதில்லை.

இதில் என் மனசை இன்றைக்கும் அறுக்கிற விஷயம் என்ன தெரியுமா? அந்த நோய்க்கு அன்றைக்கே தடுப்பூசி இருந்தது! 1926-ல் இங்கிலாந்தில் நியூகாஸில் என்ற ஊரிலும் ஜாவாவிலும் கோழிகள் கூட்டம் கூட்டமாகச் செத்தபோதுதான் இதைத் தனி நோய் என்று கண்டுபிடித்தார்கள். அடுத்த ஓரிரு வருஷத்தில் நம் இமயமலைப் பக்கம் ராணிகேத்தில் வந்தது. அதனால் உலகத்துக்கு அது நியூகாஸில் நோய், நமக்கு ராணிகேத் நோய், அம்மாவுக்கு வெள்ளைக் கழிச்சல். எல்லாம் ஒன்றேதான். 1940-களிலேயே முக்தேசுவரில் இருந்த நம் நாட்டுக் கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில் ஊசி மருந்து தயாரித்துவிட்டார்கள். முப்பது வருஷம் கழித்தும் உறையூரில் எங்கள் தெருவுக்கு அந்தச் சேதி வந்து சேரவில்லை. கால்நடை ஆஸ்பத்திரி என்றால் மாட்டுக்குத்தான் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். கோழியைத் தூக்கிக்கொண்டு போனால் சிரிப்பார்கள் என்று அம்மா நினைத்தார்.

இந்த நோய் வந்த பிறகு குணமாக்க மருந்து கிடையாது, சகோதரிகளே. இன்றைக்கும் கிடையாது. வெங்காயமோ வசம்போ மஞ்சளோ வைரஸைக் கொல்லாது. வருமுன் காப்பது ஒன்றுதான் வழி.

நாட்டுக்கு நெருக்கடி வந்தபோதெல்லாம் கொல்லைக் கோழிக்குத் திடீர் மரியாதை வந்திருக்கிறது. முதல் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க அரசாங்கம், வீட்டில் ஆளுக்கு இரண்டு கோழி வளருங்கள் என்று சுவரொட்டி ஒட்டியது. இரண்டாவது போரில் இங்கிலாந்தில் ஒருவருக்கு வாரம் ஒரு முட்டைதான் ரேஷன். வீட்டில் கோழி வளர்க்கிறவர்கள் அந்த ரேஷன் முட்டையை விட்டுக்கொடுத்தால் பதிலுக்குக் கோழித் தீவனம் கிடைக்கும். லண்டன் மாதிரிப் பெரிய ஊர்களிலேயே உருளைக்கிழங்குத் தோலை வேகவைத்துக் கோழிக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். 1953 வரை அங்கே முட்டைக்கு ரேஷன் நீடித்தது.

நம் பக்கத்திலும் முயற்சிகள் நடந்தன. இன்றைக்குக் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் மார்த்தாண்டம் அப்போது திருவிதாங்கூர். அங்கே 1920-களில் ஒய்.எம்.சி.ஏ.வின் கிராமப் புனரமைப்பு மையத்தை ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் நடத்தினார். தேனீ வளர்ப்புக்குப் பேர்போன இடம் அது; கோழிக்கும் அப்படித்தான். வெள்ளை லெகார்ன் ரகத்தைக் கொடுத்து, ஜனங்களே கூட்டுறவாகச் சேர்ந்து முட்டையைத் தரம் பார்த்து விற்கப் பழக்கினார்கள். 1960-களில் யூனிசெஃப் உதவியோடு ஊட்டச்சத்துத் திட்டம் வந்தது. மாதர் சங்கங்கள் மூலமாகக் கோழிக்குஞ்சும் காய்கறி விதையும் கொடுத்தார்கள். முட்டையில் ஒரு பங்கு கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் என்று ஏற்பாடு. என் பெரியம்மா கிராமத்தில் அப்படி வந்த கோழியைப் பார்த்திருக்கிறேன். வெள்ளை வெளேரென்று, கொண்டை சரிந்து, துரைசாணி மாதிரி நடக்கும்.

அப்பாவும் ஒருமுறை பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் தெரிந்தவர் வீட்டிலிருந்து லெகார்ன் முட்டை எட்டு வாங்கி வந்து, எங்கள் நாட்டுக்கோழிக்கு அடை வைத்தார். பொரித்த பெட்டைகள் நாள் தவறாமல் முட்டை வைத்தன. அம்மாவுக்கு ஒரே பெருமை. ஆனால் அதுகளுக்கு அடை உட்காரத் தெரியவில்லை! முட்டையை வைத்துவிட்டு, "அது உன் பாடு" என்று போய்விடும். வருஷத்துக்கு முந்நூறு முட்டை வேண்டுமென்று தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்ததில், அடைகாக்கிற புத்தியை அதனிடமிருந்து எடுத்துவிட்டார்கள். அடைகாக்கும் காலத்தில் கோழி முட்டை வைக்காதே, அதனால்தான். "பெத்துப் போட்டா போதுமா?" என்று அம்மா அதுகளைத் திட்டிக்கொண்டே தவிடு பிசைவார்.

கோழியைக் கொல்லையிலிருந்து கொட்டகைக்குள் கொண்டுபோனது எது என்று கேட்டால் ஒரு வைட்டமின் என்றுகூடச் சொல்லலாம். வெயில் படாமல் வளர்த்தால் குழந்தைக்கு வருகிற மாதிரியே கோழிக்கும் கால் வளைந்துவிடும். 1920-களில் வைட்டமின் டி கண்டுபிடித்து, தீவனத்தில் மீன் எண்ணெய் சேர்த்தவுடன், வருஷம் பூராவும் கூரைக்குள்ளேயே வளர்க்கலாம் என்று ஆயிற்று. பிறகு கம்பிக்கூண்டு வந்தது. இங்கிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கிற நாமக்கல், முட்டைக்கே தலைநகரம் மாதிரி ஆகிவிட்டது.

1982-ஆம் வருஷத்தை நம் ஊர் மறக்கக்கூடாது. அந்த வருஷம்தான் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு தொடங்கியது. ஜூலை 1-ஆம் தேதி எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்ததும் அதே வருஷம். எங்கே? நம் திருச்சிப் பக்கத்துப் பாப்பாக்குறிச்சியில். காட்டூர் தங்கச்சி, உன் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம்! 1989-ல் சத்துணவில் பதினைந்து நாளைக்கு ஒரு முட்டை சேர்ந்தது. படிப்படியாகக் கூடி, 2010-லிருந்து பள்ளிக்கூட நாள் ஒவ்வொன்றுக்கும் ஒரு முட்டை. எந்தக் கொல்லைக் கோழியாலும் இதைக் கொடுத்திருக்க முடியாது. பண்ணைக் கோழியை ஏசுகிறவர்களிடம் நான் இதைச் சொல்வதுண்டு. முட்டை பணக்கார வீட்டு நோயாளிக்கு மட்டும் மருந்தாக இருந்த காலம் போய், கூலிக்காரி பிள்ளை தட்டிலும் விழுகிறதென்றால் அதற்குக் காரணம் நாமக்கல்தான்.

ஆனால் அதோடு முட்டைக் காசு போயிற்று. ஹார்லிக்ஸ் பாட்டில் காலியாயிற்று. தில்லைநகரிலும் தென்னூரிலும் கொல்லைகளெல்லாம் மாடிப்படியும் கார் நிறுத்தும் இடமும் ஆயின. 1994-ல் ஸ்ரீரங்கமும் பொன்மலையும் சேர்ந்து திருச்சி மாநகராட்சி ஆனபோது, கோழி கிராமத்துச் சமாசாரம் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள்.

அப்படி ஒன்றும் முடியவில்லை என்கிறது கணக்கு. 2019-ஆம் வருஷத்துக் கால்நடைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் மொத்தக் கோழியினம் 85 கோடி. அதில் கொல்லைப்புறத்தில் வளர்ந்தவை 31 கோடிக்கு மேல். முந்தைய 2012 கணக்கைவிட ஏறக்குறைய பாதிப்பங்கு அதிகம்! மாநிலங்களில் நம் தமிழ்நாடுதான் முதலிடம், 12 கோடி. நாட்டுக்கோழி என்று சொன்னால் கடையில் தனி விலை. அந்த ஆசையில் வெள்ளை முட்டையை டீத்தண்ணியில் முக்கி நாட்டு முட்டை என்று விற்கிற கெட்டிக்காரர்களும் உண்டு, ஜாக்கிரதை. ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தால் சாயம் தெரிந்துவிடும். உண்மையில் ஓட்டின் நிறம் கோழியின் ஜாதியைப் பொறுத்தது. சத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மஞ்சள்கரு ஆழ்ந்த நிறமாக இருப்பது கோழி கீரை, புல் தின்றதால். அதனாலேயே பலம் இரட்டிப்பு ஆகிவிடாது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வயதுக்கு வந்த பெண்ணுக்குப் பச்சை முட்டையை உடைத்து ஊற்றி நல்லெண்ணெய் கொடுக்கிற வழக்கம் நம்மிடம் உண்டு. நானும் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தவள்தான். முட்டை நல்லது, பச்சையாக வேண்டாம். பச்சை முட்டையின் புரதத்தில் பாதிதான் உடம்பில் சேருகிறது. வேகவைத்தால் பத்தில் ஒன்பது பங்கு சேருகிறது என்று பரிசோதித்தே பார்த்திருக்கிறார்கள். போதாததற்கு சால்மொனெல்லா கிருமி பயம் வேறு. அவித்தோ, கெட்டியாக ஆம்லெட் போட்டோ கொடுங்கள். எண்ணெயைத் தனியாக இட்லிப் பொடியில் ஊற்றுங்கள்.

இனி தங்கச்சிக்கு. வைத்துக்கொள் என்றுதான் சொல்வேன், ஆனால் சும்மா அல்ல.

முதல் வேலை தடுப்பு மருந்து. குஞ்சு பொரித்து ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. நாலாவது வாரம் மறுபடி சொட்டு. எட்டாவது வாரம் இறக்கையில் ஊசி. உன் குஞ்சுகளுக்கு ஏழாம் நாள் தாண்டியிருந்தாலும் விட்டுவிடாதே, அரசு கால்நடை மருந்தகத்தில் வயதைச் சொல்லிக் கேள். வருஷா வருஷம் பிப்ரவரி மாதத்தை ஒட்டிக் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் போடுகிறார்கள். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தீனியைப் போலவே போட்டுத் தின்னவைக்கிற குருணை மருந்துகூடத் தயாரித்திருக்கிறது. அந்தப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையம் நம் கொட்டப்பட்டிலேயே இருக்கிறது. கோழியைக் கூடையில் தூக்கிக்கொண்டு போனால் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

இரண்டாவது, பிள்ளைகள். மூன்று வயதுப் பையன் குஞ்சைப் பிடித்து முத்தம் கொடுக்காமல் இருக்க மாட்டான். அதுதான் கூடாது. கோழி ஆரோக்கியமாகத் தெரிந்தாலும் அதன் எச்சத்தில் வயிற்றுப்போக்குக் கிருமி இருக்கும். ஐந்து வயதுக்குக் கீழே உள்ளதுகள் தூரத்திலிருந்து பார்க்கட்டும். தொட்டுவிட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவணும். நீயும் கூண்டைத் தொட்ட கையோடு பால் கலக்காதே. தவழுகிற பெண்ணை விடுகிற இடத்துக்குக் கோழி வரக்கூடாது, அதற்கு ஒரு தட்டி கட்டிவிடு. எட்டு மாதக் குழந்தைக்கு முட்டை கொடுக்கலாமா என்று கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருந்தாயே? ஒரு வயதுவரை வெள்ளைக்கரு கூடாது என்று எங்கள் காலத்தில் சொன்னார்கள். இப்போது அப்படியில்லை. ஆறு மாதத்துக்கு மேல், நன்றாக வெந்த முட்டையைக் கொஞ்சமாக மசித்து ஊட்டி, தடிப்போ வாந்தியோ வருகிறதா என்று பார்த்துக் கூட்டிக்கொண்டு போகலாம். உடம்பில் ஏற்கெனவே கரப்பான் இருந்தால் குழந்தை டாக்டரைக் கேட்டுக்கொண்டு கொடு.

மூன்றாவது, தீனி. மீந்த சோறு மட்டும் போதாது. குருணை, கம்பு, தவிடு, கீரைக் கழிவு, முட்டை ஓட்டை வறுத்துப் பொடித்தது ஒரு பிடி. குஞ்சுக்கு நம் கிராமத்து வைத்தியம் ஒன்று உண்டு, பல்கலைக்கழகக்காரர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். பழைய மண்பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், வைக்கோல் திணித்து, தண்ணீர் தெளித்து, சாயங்காலம் கரையான் நடமாட்டம் உள்ள இடத்தில் கவிழ்த்து வை. காலையில் எடுத்தால் பானை நிறையக் கரையான். உதறிவிட்டால் குஞ்சுகள் கல்யாணப் பந்தி மாதிரி சாப்பிடும். வீட்டு நிலைக்கதவுக்குப் பக்கத்தில் மட்டும் வைத்துவிடாதே!

அடை வைக்கிறபோது கூடையில் மணல் பரப்பி, மேலே வைக்கோல் போட்டு, பத்து முட்டைக்கு மேல் வைக்காதே. அம்மா அதில் இரும்புத்துண்டும் கரியும் காய்ந்த மிளகாயும் போடுவார், இடி இடித்தால் முட்டை கூமுட்டை ஆகிவிடுமாம். போட்டால் நஷ்டமில்லை, நான் இப்போதும் போடுகிறேன். ஏழாம் நாள் இருட்டில் டார்ச் அடித்துப் பார். உள்ளே நரம்பு ஓடாமல் தெளிவாக இருப்பதை எடுத்துவிடு. இருபத்தோரு நாள் கணக்கு.

பறவைக் காய்ச்சல் பயத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தில் நவாப்பூரில் முதன்முதலாக நம் நாட்டில் வந்தது. அதிலிருந்து அவ்வப்போது எங்கேயாவது தலை காட்டுகிறது. இரண்டு மூன்று கோழி திடீரென்று ஒன்றாகச் செத்தால் வெறுங்கையால் தொடாதே, சமைக்காதே, கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லிவிடு.

கடைசியில் பக்கத்து வீட்டு அக்கா. அவர் கோபம் நியாயமானதுதான். கோழி அவர் வீட்டுக் கீரைப்பாத்தியைக் கிளறும், வாசலில் அசிங்கம் பண்ணும். பகலில் உன் கொல்லைக்குள் வலை கட்டி விடு; எச்சத்தைத் தினம் கூட்டி மண்ணோடு மூடி உரமாக்கு, நாற்றமும் ஈயும் அடங்கும். முட்டை வைக்க ஆரம்பித்ததும் முதல் நாலு முட்டை அவர் வீட்டுக்கு. எருவும் ஒரு கூடை கொடு; அவர் ரோஜாச் செடி பேசும். ஒன்பது குஞ்சில் பாதி சேவலாகப் போகும், அதுதான் தகராறு. விடியற்காலை மூன்று மணிக்குக் கூவினால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? முட்டை வைக்கப் பெட்டைக்குச் சேவல் தேவையே இல்லை. குஞ்சு பொரிக்க வேண்டுமென்றால்தான் தேவை. ஆகவே கூவ ஆரம்பிக்கிற சேவல்களை அத்தையிடமே ஊருக்கு அனுப்பிவிடு. ஒன்றை மட்டும் வீட்டுக்காரர் குழம்புக்கு விட்டுக்கொடு, பாவம், அவரும் எத்தனை ஞாயிற்றுக்கிழமை காத்திருப்பார்!

குஞ்சு பொரித்த தேதியை அத்தையிடம் போனில் கேட்டுக்கொள். அதிலிருந்து ஐம்பத்தாறு நாள் எண்ணி, இறக்கை ஊசி போட வேண்டிய நாளைக் காலண்டரில் இன்றைக்கே சிவப்பு மசியால் வட்டம் போட்டு வை.